மாமல்லபுரம்: பாறையும் உளியும் நம் பொறுப்பும்



மாமல்லபுரம் போனால் நாம முதலில் எடுப்பது என்ன? வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போல ஒரு போட்டோ! எடுங்க, தப்பே இல்லை. ஆனா அந்தப் பாறை எப்படி அங்கே வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா?

யாரும் உருட்டி வந்து வைக்கவில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருவான கருங்கல், மேலே இருந்த அடுக்குகள் அரித்துப் போனதால் வெளியே தெரிந்தது. விரிசல்களில் மழைநீர் இறங்கி, மூலைகள் உதிர்ந்து, நடுப்பகுதி உருண்டையாக நின்றுவிட்டது.

கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் பல்லவர் காலச் சிற்பிகள் இந்தப் பாறைகளின் போக்கைப் பார்த்தே உளி பிடித்தார்கள். அர்ச்சுனன் தபசு சிற்பத்தின் நடுவே ஒரு பிளவு இருக்கிறதல்லவா? அது இயற்கையாக விழுந்தது. அதையே கங்கை இறங்கும் வழியாக்கி, நாகர்களை அமைத்தார்கள். ஐந்து ரதங்களைப் பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். தருமராஜ ரதத்தின் கீழ்ப்பகுதி வேலை முடியாமல் நிற்பதே அதற்குச் சாட்சி. கடற்கரைக் கோயிலோ வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. குடைவரை, ஒற்றைக்கல் ரதம், கட்டுமானக் கோயில் என மூன்றையும் ஒரே ஊரில் பார்க்கலாம். 1984-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

சரி, இதுல நமக்கு என்ன வேலை?

கட்டிய சுவரில் ஒரு கல் போனால் வேறு கல் வைக்கலாம். ஒரே பாறையில் செதுக்கிய விரல் உடைந்தால், போனது போனதுதான். உப்புக் காற்று ஏற்கெனவே கல்லை அரிக்கிறது. அதோடு நாமும் சாவியால் பெயர் கீறலாமா? சிற்பத்தின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கலாமா?

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டக் கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். அந்தப் பகுதியில் வசிப்பவர்கள், செங்கல் இறக்கும் முன்பே தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையில்லாச் சான்றுக்கு இணையவழியில் விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு இடிக்கச் சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சுற்றிப் பார்க்க வருபவர்கள் நுழைவுச் சீட்டை போனிலேயே வாங்கலாம். யாராவது சிற்பத்தில் கிறுக்குவதைப் பார்த்தால், அங்குள்ள காவலரிடம் உடனே சொல்லுங்கள்.

போன் கேமராவை ஜூம் பண்ணி, வேலை முடியாத பாறைகளில் உளித் தடங்களைத் தேடுங்க. பிள்ளைகளுக்கும் காட்டுங்க. அவங்க பிள்ளைகளும் அதைப் பார்க்கணும் இல்லையா?