செவ்வாயில் எவரும் வெட்டாத கால்வாய்கள்
(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அறிவியல் உண்மைக்கும் அறிவியல் புனைகதைக்கும் இடையே உள்ள எல்லை எது என்பதே இவ்வுரையின் பொருள். உண்மை ஆய்வுக்கூடத்தில் பிறக்கிறது, புனைவு எழுத்தாளரின் மேசையில் பிறக்கிறது என்று பிரித்துவிடுதல் எளிது. வரலாறோ அவ்வளவு நேர்க்கோட்டில் செல்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் புனைவு பிறந்ததும் உண்டு. கதைநூலின் தூண்டுதலால் உண்மை பிறந்ததும் உண்டு. இவ்விரண்டிற்கும் ஒருங்கே சான்றாக நிற்பது செவ்வாய்க் கோளின் வரலாறு.

1877ஆம் ஆண்டில் செவ்வாய் பூமியை நெருங்கி வந்தது. இத்தாலி நாட்டு மிலான் நகரில், பிரேரா வானாய்வகத்தில் பணிபுரிந்த சியாபரெல்லி என்னும் அறிஞர் தொலைநோக்கி வழியே அக்கோளை ஆராய்ந்தார். அதன் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் பல ஓடுவதாகக் கண்டு, வரைபடத்தில் குறித்தார். அவற்றைத் தம் தாய்மொழியில் ‘கனாலி’ என்று அழைத்தார். இயற்கையாய் அமைந்த நீர்வழியையும் மனிதர் வெட்டிய கால்வாயையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அதனை ‘கெனால்’ என்று எழுதினர். அம்மொழியில் அச்சொல் வெட்டப்பட்ட கால்வாயையே பெரிதும் சுட்டும்.

தமிழில் ஒருவர் ஓடை என்று சொன்னதை மற்றொருவர் வாய்க்கால் என்று எழுதிவிட்டால் நேர்வது என்ன? ஓடைக்கு மழை போதும். வாய்க்காலுக்கு மண்வெட்டி வேண்டும். மண்வெட்டிக்கு அதைப் பிடிக்கும் கை வேண்டும். ஒரு சொல் மாறியதும் செவ்வாயில் குடிகள் தோன்றிவிட்டனர்! சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கால்வாய் வெட்டுதல் நாகரிகத்தின் உச்சம் என்று உலகம் வியந்திருந்த வேளையில், அச்சொல் மக்கள் மனத்தில் எளிதாக வேரூன்றியது.

அந்த வேருக்கு நீர் வார்த்தவர் அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவெல். அவர் 1894ஆம் ஆண்டில் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் ஊரில், கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தம் சொந்தப் பொருளில் ஒரு வானாய்வகம் நிறுவினார். இரவுகள்தோறும் விழித்திருந்து நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்தார். செவ்வாய் வறண்டு வருகிறது. அங்கு வாழும் பேரறிவினர் துருவப் பனி உருகிய நீரைக் கால்வாய்கள் வழியே கோள் முழுவதும் கொண்டு செல்கின்றனர். தொலைநோக்கியில் தெரிபவை அக்கால்வாய்களின் கரையோரப் பசுமை என்பது அவர் கொள்கை. 1895, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் இதுபற்றி மூன்று நூல்களை வெளியிட்டார். லோவெல் பொய்யர் அல்லர். கண்டதாக நம்பியதையே எழுதினார். அவர் தொடங்கிவைத்த மற்றொரு தேடலின் பயனாக, அவர் மறைந்தபின் 1930ஆம் ஆண்டில் அதே வானாய்வகத்தில் புளூட்டோ கண்டறியப்பட்டது என்பதையும் மறத்தல் ஆகாது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் எச்.ஜி.வெல்ஸ், செவ்வாய்வாசிகள் பூமியின்மீது படையெடுத்து வருவதாக ஒரு புதினம் எழுதினார். 1897இல் தொடராக வந்து, 1898இல் நூலாயிற்று. ஒரே கோளைப் பற்றி ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவர் எழுதினர். ஒருவர் தம் நூலைக் கதை என்றார். மற்றவர் அறிவியல் என்றார். பின்னாளில் இரண்டும் நடவாதவை என்று தெளிந்தபோது, வெல்ஸின் நூலுக்கு எந்த இழுக்கும் நேரவில்லை. அவர் யாரையும் நம்பச் சொல்லவில்லை அன்றோ!

லோவெலின் கூற்று பலரால் சோதிக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டில் மாண்டர் என்னும் வானியலர், எவான்ஸ் என்பவருடன் சேர்ந்து, கிரீனிச்சில் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். நேர்க்கோடுகளே இல்லாமல், புள்ளிகளும் தெளிவற்ற அடையாளங்களும் இட்ட வட்டப்படம் ஒன்றைச் சிறுவர்களின் முன் வைத்து, தெரிவதை அப்படியே வரையச் சொன்னார். தொலைவில் அமர்ந்த சிறுவர் பலர் புள்ளிகளை இணைத்துக் கோடுகளாக வரைந்தனர். சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்து வடிவம் காண்பது கண்ணின் இயல்பு, மனத்தின் இயல்பு என்பது அதனால் விளங்கிற்று. 1907ஆம் ஆண்டில், 84 வயது முதியவரான ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், செவ்வாயின் கடுங்குளிரையும் மெல்லிய காற்றையும் காட்டி, அங்கே கால்வாயில் நீர் ஓடுதல் இயலாது என ஒரு நூலே எழுதினார். 1909ஆம் ஆண்டில் அன்டோனியாடி, பாரிஸை அடுத்த மூடோனில் 83 சென்டிமீட்டர் வில்லையுடைய பெருந்தொலைநோக்கியால் நோக்கியபோது, கோடுகள் ஒழுங்கற்ற திட்டுகளாகப் பிரிந்து காணப்பட்டன.

லோவெல் இவற்றை ஏற்றாரில்லை. ஃபிளாக்ஸ்டாஃபின் தெளிந்த காற்றில்தான் கோடுகள் புலப்படும் என்றார். பெரிய தொலைநோக்கி காற்றின் கலக்கத்தால் காட்சியைக் குலைக்கும் என்றார். தம் கூற்றுக்கு எதிரான ஒவ்வொரு சோதனையிலும், குறை சோதித்தவர் பக்கமே என்று விடை கண்டார். அறிவியல் புனைவாக மாறிய இடம் இதுவே. முதன்முதலில் கோட்டைக் கண்டதில் தவறில்லை. பிழைபடக் காண்பது எவர்க்கும் இயல்பு. தாம் தவறியிருக்கக்கூடும் என்பதற்கு ஒரு வாயிலையும் திறந்துவைக்காமல் அடைத்ததே தவறு. 1916இல் மறையும் வரை அவர் தம் கொள்கையை விடவில்லை.

1965ஆம் ஆண்டு ஜூலை மாதம், மாரினர் 4 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று படமெடுத்தது. ஒரு படம் எண்களாகப் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. காத்திருக்கப் பொறுக்காத பொறியாளர் சிலர், அவ்வெண்களைக் காகிதப் பட்டைகளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கு ஒரு வண்ணம் வகுத்துக்கொண்டு, வண்ணக்கோல்களால் தீட்டினர். விண்கலத்திலிருந்து வந்த முதற்படமும் இவ்வாறு கையால் தீட்டப்பட்டதே! லோவெலும் கையால்தான் வரைந்தார். வேறுபாடு என்னவெனில், இவர்கள் தீட்டிய ஒவ்வொரு கட்டத்திற்கும் கீழே ஓர் எண் இருந்தது. எவரும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தலாம். பின்னர் வந்த படங்களில் கால்வாய் இல்லை, பசுமை இல்லை. நிலவில் உள்ளவை போன்ற பள்ளங்களே இருந்தன. 1971ஆம் ஆண்டு இறுதியில் செவ்வாயை அடைந்து அதனைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9, பண்டைக் காலத்தில் நீர் ஓடி வறண்ட தடங்களைப் படமெடுத்தது. வெட்டிய கால்வாய் பொய்யாயிற்று; இயற்கை நீர்வழி என்ற பொருளில் ‘கனாலி’ என்னும் சொல்லுக்கு, எவரும் எண்ணாத வகையில், செவ்வாயில் இடம் கிடைத்தது.

ஆயின் புனைவு பயனற்றதா? வெல்ஸின் புதினத்தைப் படித்த ராபர்ட் காடார்டு என்னும் 17 வயது இளைஞர், 1899ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று ஒரு மரத்தின்மேல் ஏறி நின்று, செவ்வாய்க்குச் செல்லும் ஊர்தியை மனத்தில் கற்பனை செய்தார். அவரே 1926ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று 1920இல் அவரை எள்ளி எழுதிய நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், மனிதர் நிலவை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், 1969ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, தன் பிழையைத் திருத்தி வருத்தம் தெரிவித்தது. காடார்டு காலமாகி அப்போது ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. கதை என்று அறிந்தே கதையைப் படித்து, அதனை ஆய்வால் சோதித்தவர் அவர். அவர் கையில் புனைவு வித்தாயிற்று.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்குச் சுமார் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் அருகில் வந்தது. 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கியில் நோக்கினால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்று ஒரு செய்தி பரவிற்று. அது முற்றிலும் சரியே. கைமாறிக் கைமாறிச் சென்றபோது தொலைநோக்கி உதிர்ந்துவிட்டது. வானில் இரண்டு நிலவுகள் தோன்றும் என்பது மட்டும் எஞ்சியது. பின்வந்த ஆண்டுகளிலும் ஆகஸ்டு மாதந்தோறும் அச்செய்தி மீண்டும் மீண்டும் உலவியது. ஒரு சொல் மாறியதால் அன்று கால்வாய் பிறந்தது. ஒரு தொடர் உதிர்ந்ததால் பின்னாளில் இரண்டாம் நிலவு பிறந்தது.

இன்று ஒவ்வோர் இல்லத்திலும் கைப்பேசி இருக்கிறது. ஒரு செய்தியை விரல்நுனியால் அடுத்தவர்க்கு அனுப்புபவரும் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளரே. அனுப்புமுன் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு. கண்டவர் யார், எக்கருவியால் கண்டார்? வேறொருவர் தனியே சோதித்துக் கண்டாரா? இவற்றிற்கு விடையில்லாத செய்தியைக் கதையாகச் சுவைக்கலாம். உண்மையாக உரைத்தல் தகாது.

செவ்வாயில் எவரேனும் வாழ்கின்றனரா என்று வீட்டிலுள்ள குழந்தை கேட்டால், இதுவரை எவரும் கண்டதில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று விடை கூறலாம். அதன்பின் வெல்ஸின் கதையையும் சொல்லலாம். கதை என்று முதலிலேயே கூறிவிட்டுச் சொல்ல வேண்டும். அவ்வொரு சொல்லே அந்த எல்லை.