வரைபடத்துக்கு வந்த புதிய எஞ்ஜின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எஞ்ஜின் என்ற சொல்லைக் கேட்டால், டில்லி ரயில்வே குடியிருப்பில் வாழும் நம் நினைவுக்கு வருவது தண்டவாளத்தில் ஓடும் எஞ்ஜினே. இன்று பேச எடுத்துக்கொண்டதோ கணினிக்குள் ஓடும் ஓர் எஞ்ஜின். அதற்குப் புகையில்லை, ஓசையில்லை. ஆயினும் அது மாறியபொழுது, படம் வரைந்து பிழைக்கும் பலருடைய அன்றாட வேலை தடம் மாறிற்று. நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் கட்டட வரைபட அலுவலகங்களில் பணியாற்றுகின்றனர். மெட்ரிக் தேறியதோடு படிப்பை நிறுத்திக் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர்களாகிய நாங்கள், அவர்கள் அருகில் அமர்ந்து பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே கூற முன்வந்தோம்.

ஒரு வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். கோடுகளும் அளவுகளும் நிறைந்த அத்தாளைப் பொறியாளரும் கொத்தனாரும் படித்துவிடுவர். அவ்வீட்டில் குடியிருக்கப்போகும் தாய்க்கோ அது எளிதில் விளங்குவதில்லை. கூடத்தில் வெளிச்சம் வருமா, சமையலறை இருண்டு கிடக்குமா என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடையாக, அக்கோடுகளைக் கொண்டே சுவரும் தரையும் ஒளியும் நிழலும் கூடிய படத்தைக் கணினி ஆக்கித் தருகிறது. இதற்கு ரெண்டரிங் என்று பெயர். அதைச் செய்யும் மென்பொருட் பகுதியே ரெண்டரிங் எஞ்ஜின்.

ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருள் 1982இல் வெளிவந்தது. அதன் 2007 என்ற பதிப்பில் மென்டல் ரே என்ற எஞ்ஜின் சேர்க்கப்பட்டது. 1986இல் பெர்லின் நகரில் தொடங்கப்பெற்ற மென்டல் இமேஜஸ் என்ற நிறுவனத்தின் ஆக்கம் அது. திரைப்படத் துறையிலும் பெயர் பெற்றது. அக்காலத்துக் கணினிகளின் வேகம் குறைவு. ஆதலின் ஒளியின் முழுப் பயணத்தையும் கணக்கிடாமல், குறுக்குவழிகள் பலவற்றால் அது வேலையை முடித்தது. எத்தனையோ எண்களை வரைவாளர் தாமே திருத்தித் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. மூலை இருண்டிருந்தால், மெய்யான வீட்டில் இல்லாத விளக்கொன்றை அங்கே மறைத்து வைப்பர். நிழல் மிகக் கறுத்தால், எவ்விளக்கிலிருந்தும் வாராத பொது ஒளியைத் தூவுவர். இவ்வித்தைகளைக் கற்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவே அவர்களுடைய கைத்திறன். அதுவே அவர்களுடைய சம்பளம்.

2015இல் வெளிவந்த ஆட்டோகேட் 2016 பதிப்பில் மென்டல் ரே நீக்கப்பெற்று, வேறோர் எஞ்ஜின் அமர்ந்தது. அதே நிறுவனத்தின் ரெவிட் மென்பொருளும் தன் 2017 பதிப்பில் அதைக் கைவிட்டது. 2017 நவம்பரில் மென்டல் ரேயின் விற்பனையே நிறுத்தப்பட்டது. பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தவர்கள் திகைத்தனர். பகல்போல் விளங்கிய கூடம் இருண்டிருந்தது. அன்றேல் கண் கூச வெளுத்திருந்தது. கற்றுவைத்த வித்தைகளிற் பல ஒரு நாளில் செல்லாக்காசாயின. நாற்பதைக் கடந்த வரைவாளர் ஒருவர் இதனால் மனம் தளர்ந்தால், அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நாமும் அவ்வயதினரே அல்லவா?

இனி, புதிய எஞ்ஜின் செய்வது யாது எனப் பார்ப்போம். ஒளிக்கதிரைக் கண்ணிலிருந்து பின்னோக்கித் தொடர்ந்து படம் ஆக்கும் முறையை டர்னர் விட்டெட் என்ற அறிஞர் 1980இல் விரித்து எழுதினார். ஒளி பொருளுக்குப் பொருள் பட்டுத் தெறிக்கும் முழுக் கணக்கையும் ஒரே சமன்பாட்டில் அடக்கி 1986இல் தந்தவர் ஜேம்ஸ் கஜியா. கருத்து பழையதே, மேசைக் கணினிக்கு அதற்கேற்ற வேகம் வந்தது பின்னரே. சன்னல் வழியே நுழையும் வெயில் தரையில் பட்டு, சுவரில் தெறித்து, கூரையைத் தொட்டு, நம் கண்ணை எட்டுவதைக் கோடிக்கணக்கான கதிர்களுக்கு அது கணக்கிடுகிறது. தொடக்கத்தில் படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாய்த் தோன்றும். நேரம் செல்லச் செல்லத் தெளியும். அந்தப் புள்ளிக் கலக்கத்தைப் பாதியாகக் குறைக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது கணித விதி. ஆதலின் அவசரம் இங்கே பலிக்காது. அம்மென்பொருளில் படத்தின் தரங்களுக்கு இட்ட பெயர்களும் வேடிக்கையானவை. காப்பி இடைவேளைத் தரத்துக்கு 10 நிமிடம். மதிய உணவுத் தரத்துக்கு 60 நிமிடம். இரவுத் தரத்துக்கு 12 மணி நேரம். எழுத்தர்களாகிய எங்கள் அலுவலக நாளைப் பார்த்தே பெயரிட்டார்களோ என்று ஐயுறத் தோன்றுகிறது!

இதற்குப் பழகும் வழி என்ன? வித்தையைக் கைவிட்டு அளவைச் சொல்லப் பழகுவதே வழி. முதலில், கோப்பின் அளவுகோல் சரியாக இருத்தல் வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்த அறையைக் கணினி மீட்டர் என்று கொண்டால், அறை நீளத்தில் ஆயிரம் மடங்காகும். அதனுள் வைத்த விளக்கு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். அடுத்து, மறைத்து வைத்த பொய் விளக்குகளையெல்லாம் நீக்க வேண்டும். உள்ள விளக்குகளுக்கு உண்மையான ஒளியளவைத் தர வேண்டும். நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 800 முதல் 900 லூமன் ஒளி தரும், பெட்டியின்மேலேயே அச்சிட்டிருப்பார்கள். மஞ்சள் ஒளி 2700 கெல்வின், வெள்ளொளி 6500 கெல்வின் என்பதும் அங்கேயே இருக்கும். சுவரைத் தூய வெள்ளை என்று குறித்தலும் தவறு. வெள்ளைச் சுவரும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. இவ்வளவும் செய்த பின்னும் படம் இருண்டு தோன்றினால், புகைப்படக் கருவியில் செய்வதுபோல ஒளியேற்பைத் திருத்த வேண்டுமேயன்றி, விளக்கைக் கூட்டலாகாது.

சூரியனுக்கும் இவ்விதி பொருந்தும். படத்தில் ஊரையும் நாளையும் நேரத்தையும் குறித்தால், அதற்கேற்ற திசையிலும் உயரத்திலும் கணினி வெயிலை விழச்செய்யும். சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுவரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பான். டில்லியில் ஆண்டின் எந்நாளிலும் நண்பகலில் அவன் வடக்கே வருவதில்லை. டிசம்பர் இறுதியில் சென்னையில் நண்பகற் சூரியனின் உயரம் ஏறத்தாழ 53 பாகை. டில்லியில் 38 பாகையே. ஆதலின் சென்னை வெயிலைக் கொண்டு வரைந்த வீடு டில்லிக் குளிருக்கு உதவாது. டில்லி வெயிலில் வரைந்தது நம் ஊரின் கோடைக்குப் பொருந்தாது. ஓய்வுக்குப் பின் சொந்த ஊரில் வீடு கட்ட எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

இது வரைவாளர் கவலைதானே, நமக்கு என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். நாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் பெரும்பாலும் ஒரு வீட்டில்தான் போய்ச் சேர்கின்றன. கட்டி முடியாத வீட்டுக்கு நாம் முன்பணம் தருவது பெரும்பாலும் ஒரு படத்தை நம்பியே. அப்படத்தில் கூடம் ஒளிர்வது சன்னலாலா, மறைத்த விளக்காலா? வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ உள்ள பொய்யான செய்தியை நம்பிப் பணம் கொடுத்து இழப்புற்றவருக்கு ஈடு பெறும் உரிமை தருகிறது. விலக விரும்பினால் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறவும் வழி செய்கிறது. எனினும் வழக்காடி மீட்பதினும் முன்னரே கேட்டு அறிதல் நன்று. எந்த மாதம், எந்த மணி, எத்திசைச் சன்னல், எத்தனை லூமன் விளக்கு என்று படம் காட்டுவோரைத் தயங்காமல் கேளுங்கள். புதிய எஞ்ஜினிலும் பொய் எண்களைக் கொடுத்துப் பொய்ப்படம் வாங்கலாம். கருவி கணக்கை மட்டுமே நேர்மையாகச் செய்யும். எண்ணைக் கொடுப்பவர் மனிதரே.

மூத்த வரைவாளர்களுக்கும் ஒரு சொல். சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1972இல் நீராவி எஞ்ஜின் கட்டுவது நின்றது. 1995இல் அகன்ற பாதையில் அவற்றின் வழக்கமான ஓட்டமும் முடிந்தது. கரி அள்ளிப் போடும் திறன் அன்று வேண்டாததாயிற்று. ஆனால் எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எந்த இடத்தில் சிக்னல் என்ற பாதையறிவு டீசல் எஞ்ஜினிலும் மின்சார எஞ்ஜினிலும் ஓட்டுநருக்குக் கைகொடுத்தது. அதுபோல, மாலை வெயில் திண்ணையில் எப்படி விழும் என்று பார்த்துப் பழகிய கண் எந்தப் பதிப்பு மாறினாலும் பயனற்றுப் போவதில்லை. பொத்தான்களை இளைஞர் அறிவர். படத்தில் எது பொய் என்பதை மூத்தவர் அறிவர். இருவரும் ஒரே கணினியின் முன் அருகருகே அமர்ந்தால், இருவருக்கும் வேலை உண்டு. ஞாயிறுதோறும் சங்க மண்டபத்தில் இதற்கென இரண்டு மணி நேரம் ஒதுக்குமாறு நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறோம்.