வீடு பிடிச்சிருக்கு, தண்ணி வருமா?

(தலைப்பு: ஊருக்குப் பெருமை சேர்ப்பது கோட்டை கொத்தளமே! – குடிநீரே! ‘குடிநீரே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

அறிவார்ந்த நடுவர் அவர்களே, கோட்டை மதில் மாதிரி அசையாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, இந்த வேலூர் வெயிலிலும் அழைப்பிதழையே விசிறியாக்கிக் கொண்டு கேட்டுக் கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் வேலூர்க் கோட்டையைத் தூக்கிக் கொண்டு வந்து இந்த மேடையிலேயே வைத்து விட்டார்கள். 133 ஏக்கர் என்றார்கள். விஜயநகர காலத்துக் கருங்கல் என்றார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்த இடம், 1857க்கு 51 வருஷம் முன்னாலேயே வெள்ளைக்காரனுக்குத் தூக்கம் போன இடம் என்றார்கள். அத்தனையும் உண்மை. எனக்கும் பெருமைதான்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கோட்டையைப் படம் பிடிக்கிறவன் எங்கே நின்று பிடிக்கிறான்? அகழிக்கு இந்தப் பக்கம் நின்று! மதிலும் தெரியணும், மதிலின் நிழல் தண்ணீரிலும் தெரியணும். அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாருங்கள், அம்மா. கோட்டை இருக்கும். சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தை யார் படம் பிடிப்பான்? கார்ப்பரேஷன்காரன்தான் பிடிப்பான்! (சிரிப்பு, கைதட்டல்)

அது போகட்டும். கோட்டைக்குள் இருக்கிற சாமிக்கு என்ன பேர்? ஜலகண்டேஸ்வரர். பேரிலேயே ஜலத்தை வைத்துக் கொண்டிருக்கிறார் அந்த ஈஸ்வரன். அவர் எங்கள் கட்சி, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இன்னொன்றும் சொன்னார்கள், ‘ராஜவம்சம் வாழ்ந்த கோட்டை’ என்று. வாழ்ந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. திப்பு சுல்தான் 1799இல் மாண்ட பிறகு அவர் குடும்பத்தை இங்கே கொண்டு வந்து வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசர் விக்கிரமராஜசிங்கனை இங்கே வைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. இவர்கள் எல்லாம் ‘டூ-லெட்’ போர்டு பார்த்துக் குடிவந்தவர்களா? கைதிகள் அய்யா, கைதிகள்! (சிரிப்பு) கோட்டை என்பது ராஜாவையே அடைத்து வைக்கிற இடம். நம்மை மாதிரி குடித்தனக்காரனுக்கு அங்கே என்ன வேலை? சாயங்காலம் வேர்க்கடலை வாங்கிக் கொண்டு புல்தரையில் உட்காரலாம். அவ்வளவுதான்.

நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரன் ஒரு கேலி சொல்லுவான். உங்களுக்கெல்லாம் தெரியும். அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், மரமில்லா மலை, நீரில்லா ஆறு. நான்கு குறை. இதில் சாமியில்லாக் கோயில் என்ற குறை 1981லேயே தீர்ந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டு வந்து கோட்டைக் கோயிலில் வைத்தார்கள். இன்றைக்கு மார்கழியில் உள்ளே நுழைய முடியவில்லை. அரசனில்லாக் கோட்டையா? இப்போது நாமெல்லாம் வோட்டுப் போடுகிறோம், அதனால் அது குறையே இல்லை. மரமில்லா மலை, நட்டால் வளரும். நீரில்லா ஆறுதான் பாக்கி. அந்தக் கேலியைக் கேட்கும்போது வேலூர்க்காரனுக்கு மனசு எங்கே சுருக்கென்று குத்துகிறது? கடைசி வார்த்தையில்தானே!

தமிழாசிரியன் குறளைத் தொடாமல் இறங்கினால் சம்பளத்தில் பிடித்து விடுவார்கள். (சிரிப்பு) வள்ளுவர் கோட்டையைப் பாடினாரா? பாடினார். அரண் என்று ஓர் அதிகாரமே வைத்தார். எத்தனையாவது அதிகாரம்? எழுபத்தைந்தாவது! மழைக்கு? இரண்டாவது. கடவுளுக்கு அடுத்த நாற்காலி. (கைதட்டல்) நாட்டுக்கு உறுப்புகள் எவை என்று எண்ணுகிற குறளிலும் முதலில் சொல்வது இருவகை நீர். மேலே நிற்பதும் ஓடுவதும் ஒன்று, கீழே ஊறுவது ஒன்று என்று உரைக்காரர் பிரித்துச் சொல்கிறார். அரண் கடைசியில் வருகிறது. அந்த ‘இருவகை நீர்’ என்பதைக் கொஞ்சம் மனசில் வைத்துக் கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

இப்போது வீடு பார்க்கப் போவோம், வாருங்கள். சத்துவாச்சாரியில் ஒரு வீடு காலி. மாடி போர்ஷன், இரண்டு ரூம், காற்றோட்டம். போகிறவர் ஹாலைப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார். அவர் வீட்டம்மா நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்க்கிறார்.

“வீடு பிடிச்சிருக்கும்மா. தண்ணி வருமா?”

“அதெல்லாம் வரும்.”

“டெய்லி வருமா?”

“வாரத்துல ஒரு வாட்டி, ரெண்டு வாட்டி வரும்.”

“காவேரித் தண்ணியா, போர் தண்ணியா?”

“குடிக்கக் காவேரி. பொழங்க போர்.”

“போர் உப்பா?”

“லேசா உப்பு.”

வீட்டுக்காரம்மா ‘லேசா உப்பு’ என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? பருப்பு வேகாது என்று அர்த்தம்! (சிரிப்பு) சோப்பு நுரைக்காது. ஆறே மாசத்தில் குழாய் மூக்கில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு கட்டிக் கொள்ளும். நடுவர் அவர்களே, இத்தனை கேள்வி கேட்டாரே, ‘கோட்டை எந்தப் பக்கம் தெரியும்?’ என்று ஒரு வார்த்தை கேட்டாரா? (பலத்த கைதட்டல்)

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் வேலூரைப் பற்றிப் பேச முடியுமா? கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை, தாண்டாவிட்டால்தான் செய்தி. பத்து மணிக்கு மேல் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் அப்படியே வெந்நீர். கீசர் விற்கிறவன் மே மாசத்தில் இந்த ஊர்ப் பக்கமே வர மாட்டான். ராத்திரி பாயை எடுத்துக் கொண்டு மாடிக்குப் போய், தரையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, அது புஸ்ஸென்று ஆவியான பிறகு படுப்போம். அந்த இரண்டு வாளி இருந்தால் தூக்கம். இல்லாவிட்டால் நட்சத்திரத்தை எண்ண வேண்டியதுதான்.

இந்த ஊருக்கு வெளியிலிருந்து யார் வருகிறார்கள்? 1900இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மேற்கு வங்காளத்திலிருந்து, ஜார்கண்டிலிருந்து, அசாமிலிருந்து வருகிறார்கள். காந்தி ரோட்டில் நின்று பாருங்கள், பலகையெல்லாம் வங்காள எழுத்து. நம் ஆட்டோக்காரர் வங்காளத்தில் பேரம் பேசுகிறார். நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு இரண்டாவது மொழி வரவில்லை! (சிரிப்பு) அவர்கள் லாட்ஜில் மாசக்கணக்கில் தங்கி, ஸ்டவ் வைத்துத் தாங்களே சோறு வடித்து, மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற சாயங்காலத்தில் கோட்டையைப் பார்க்கிறார்கள். ஆனால் ரூம் எடுக்கும்போது அந்தப் பெண்மணி, வராத தமிழில் கைச்சாடையோடு கேட்கிற முதல் வார்த்தை என்ன? ‘பானி?’

இனி ஆம்பூருக்குப் போகிறேன். ஆம்பூர் என்றதும் இந்த அரங்கத்தில் பாதிப் பேர் முகத்தில் பிரியாணி தெரிகிறது. (சிரிப்பு) சீரகச் சம்பா, கத்தரிக்காய்ப் பச்சடி, தெரியும் எனக்கு. நான் சொல்ல வந்தது வேறு. காலையில் அந்த நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். வேனிலும் பஸ்ஸிலும், கையில் டிபன் பாக்ஸோடு, ஆயிரக்கணக்கான பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். வெளிநாட்டுக்காரன் காலுக்கு நம் வாணியம்பாடிப் பெண் தையல் போடுகிறாள். அந்தச் சம்பளத்தில் பிள்ளை காலேஜில் படிக்கிறது, கூரை வீடு மாடி வீடாகிறது. அந்தத் தொழிலைப் பழிக்க நான் வரவில்லை. வயிற்றுக்குச் சோறு போட்ட தொழில்.

ஆனால் தோல் எப்படிப் பதமாகிறது என்று பாருங்கள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள். டேனரிக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை எடுப்பார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டார்கள். 1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றக் கட்டுப்பாடு வந்தது. முழுதாக முடித்து அனுப்பு என்றது அரசாங்கம். வேலை பெருகியது, கூடவே குரோமியமும் பெருகியது. ஒரு கிலோ தோல் முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். இது என் கணக்கு இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிற கணக்கு. அந்த 35 லிட்டரும் எங்கே போனது? பல வருஷம் பாலாற்று மணலுக்குத்தான் போனது.

வள்ளுவரிடம் திரும்பி வருகிறேன். மேல் நீர், கீழ் நீர். மேலே ஓடுவது நின்று போனது. கீழே ஊறியது உப்பாகிப் போனது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு சாகுமா? இன்னும் கெட்டியாகும்! ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்குகிற அதே பெண், அந்தச் சம்பளத்திலேயே கேன் தண்ணீர் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று டெல்லி வரைக்கும் போனது. 1996 ஆகஸ்ட் 28, தீர்ப்பு வந்தது. தோல் பட்டறைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ் என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு அதில் வருகிறது. கெடுத்தவனே செலவு செய்து சரி பண்ணு என்ற விதியை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளில் இது முக்கியமானது. சட்டக் கல்லூரி மாணவன் இன்றைக்கும் ‘வேலூர் வழக்கு’ என்றுதான் மனப்பாடம் செய்கிறான். கோட்டை வழக்கு இல்லை அய்யா, தண்ணீர் வழக்கு! (கைதட்டல்)

இதற்கு நீங்கள் கைதட்ட வேண்டாம். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை. விடியுமுன்னே, தோல் கழிவுக் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலைக்குள்ளேயே படுத்துத் தூங்கிக் கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வீடென்று ஒன்று எடுக்க வழியில்லாமல், வேலை செய்த இடத்திலேயே பாய் போட்டவர்கள்.

(சற்று மௌனம்)

எதிரணித் தலைவர் எழுந்து சொல்வார்: ‘தண்ணீர் எல்லா ஊரிலும் இருக்கு, கோட்டை இங்கேதானே இருக்கு?’ எல்லா ஊரிலும் இருக்கிறதா? 2019 ஜூலை 12, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதுவும் யார் வீட்டுத் தண்ணீர்? மேட்டூரிலிருந்து குழாயில் நமக்கு வருகிற காவேரி! குடகில் பிறந்த காவேரி, ஜோலார்பேட்டையில் ரயில் மாறிச் சென்னைக்குப் போனாள். (சிரிப்பு) தலைநகரத்தில் கோட்டை இல்லையா? செயின்ட் ஜார்ஜ் கோட்டையே இருக்கிறது. அது ஒரு குடம் நிரப்பியதா?

‘தண்ணீர் கொல்லவும் செய்யுமே’ என்பார் இன்னொருவர். செய்யும். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அடித்துக் கொண்டு போனது. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் போனார்கள். நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த 2021இல் பாலாறு இரு கரை தொட்டு வந்தபோது காட்பாடிப் பாலத்தில் நின்ற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். போலீஸ் விரட்ட விரட்ட, பிள்ளையைத் தோளில் தூக்கிக் கொண்டு வந்தார்கள். என் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கேட்டான்: “அப்பா, இது ஆறா? இதுல நாம கிரிக்கெட் ஆடுவோமே!” (சிரிப்பு) அவன் பிறந்து அன்றைக்குத்தான் ஆற்றைப் பார்க்கிறான். 348 கிலோமீட்டர் ஆறு. அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில்.

1996 தீர்ப்போடு கதை முடியவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்புக் கொடுத்தது. இழப்பீடு கொடு, ஆற்றை மீட்டெடு, கண்காணிக்கக் குழு போடு என்றது. முதல் தீர்ப்பு வந்த வருஷம் பிறந்த பெண்ணுக்குக் கல்யாணமாகி, அவளும் இன்றைக்கு வாடகைக்கு வீடு தேடிக் கொண்டிருக்கிறாள். அவள் கேட்கிற கேள்வி உங்களுக்கே தெரியும்.

நடுவர் மணியில் கை வைத்து விட்டார். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. பேசிப் பேசித் தொண்டை வறண்டு, இரண்டு முறை பாட்டிலைத் திறந்து குடித்தீர்கள், நான் பார்த்தேன். பாலாறு இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த பாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று லேபிளைப் படித்துச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். (பலத்த கைதட்டல்)