ஊரூர்ப் பள்ளிக்கூடம்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் அதனைக் குறைவறச் சொல்லிவிட்டனர். ஆகவே, நான் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லி அமைகிறேன்.

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் செல்வோர் ‘ஊரூர் ஆல்காட் குப்பம்’ என்னும் பெயரைக் கேட்டிருப்பர். ஊரூர் அந்நாளில் பட்டணத்துக்கு வெளியே இருந்த சிற்றூர். பிரம்மஞான சபைத் தலைவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட், 1894ஆம் ஆண்டில் அங்கே நம் பிள்ளைகளுக்கென்று ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதற்குப் ‘பஞ்சமர் பள்ளி’ என்று பெயர். பண்டிதர் அயோத்திதாசருக்கும் அவருக்கும் இருந்த தொடர்பை நீங்கள் அறிவீர்கள். 1898இல் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவியபொழுது உடன் நின்றவர் ஆல்காட்டே.

அதற்கு முன்னர் நம்மவர் படித்த விதம் எத்தகையது? கோவையில் பயின்ற இரட்டைமலை சீனிவாசனார், சாதி தெரிந்துவிடுமோ என அஞ்சி, உடன் பயின்றோருடன் விளையாடாமல் ஒதுங்கி நின்றதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். மணி அடித்தபின் வகுப்பில் நுழைந்து, மணி அடித்ததும் வெளியேறும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியனாகிய எனக்கு அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

நம் பகுதிக்கும் இக்கதையில் பங்குண்டு. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். திருவள்ளூர், பொன்னேரி வட்டங்கள் அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆக, அவர் எழுதியது நம் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டைத்தான். 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டே நம் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு உதவி தரும் ஆணையும் வந்தது. நிலத்தின் கதை வேறு. அது எத்தனை கை மாறிற்று என்பதை இங்கு அமர்ந்திருக்கும் முதியோரைக் கேளுங்கள்.

ஒன்றை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு உயர்கல்வியை எண்ணவில்லை. எழுத்தும் எண்ணும் சிறிது ஆங்கிலமும் கற்றுப் பிழைத்துக்கொண்டால் போதும் என்பதே அவர் கருத்து. அவர்பால் நன்றி உண்டு. அந்த அளவுகோலில் எனக்கு உடன்பாடில்லை. அப்பள்ளி அந்த அளவோடு நிற்கவுமில்லை. இன்று அது மேனிலைப் பள்ளி. கட்டணமின்றி ஏழைப் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர்.

நம் கும்மிடிப்பூண்டியில் அந்தப் பழைய அளவுகோலை இப்பொழுது கையில் வைத்திருப்பவர் யார்? கம்பெனி வண்டி தெருமுனைக்கே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவனை ஒப்பந்தக்காரர் ஏற்றிச் செல்கிறார். என்னிடம் படித்த ஒரு மாணவன் கணிதத்தில் தேர்ந்தவன். “ஒரு வருஷம் மட்டும் போயிட்டு அப்புறம் படிக்கிறேன், ஐயா” என்றான். நான்கு ஆண்டுகள் கழிந்தன. இரவு முறை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றவன், என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். குனிய வேண்டியவன் நான். அவன் வீட்டுக் கடனை அறிந்திருந்தும், ஒருமுறைகூட அவ்வீட்டுக்குச் சென்று பேசாதவன் நான்.

வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேலைக்குச் சென்றவனும் தொடர்ந்து படிக்க வழி செய்யலாம். கழகக் கட்டடத்தின் பின்னறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. இரவு முறைக்குச் செல்வோருக்குக் காலையிலும், பகல் முறைக்குச் செல்வோருக்கு மாலையிலும் அங்கே வகுப்பு நடத்தலாம் என்று செயலாளரிடம் கேட்டேன், இசைந்துள்ளார். கணிதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்திற்கு ஓர் ஆசிரியை முன்வந்துள்ளார். அறிவியலுக்கு இன்னும் ஆள் இல்லை. இவ்வவையில் பட்டம் பெற்றவர் பலர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் மேடையருகே என்னைப் பாருங்கள்.