கயிற்றுக் கட்டிலில் ராச்சாப்பாடு

இரவு ஒன்பது மணிக்குச் சேலம் கொண்டலாம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டித் தெற்கே திரும்புகிறோம். காஷ்மீரத்து ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரிக் கடலில் போய் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 இது. நாமக்கல்லுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர். மல்லூர் தாண்டினால் இடது கையில் போதமலை கரிக்கோடாகத் தெரியும். எங்கோ மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஆலையிலிருந்து புளிச்ச வாடை ஒன்று காற்றில் வந்து போகும். ஜவ்வரிசி ஊர் இது என்று மூக்குக்குச் சொல்லிவிட்டுப் போகிற வாடை அது.

ஆண்டகளூர்கேட் கழிந்து, புதுச்சத்திரம் வருவதற்குள் சாலையோரம் பத்துப் பதினைந்து லாரிகள் வரிசையாக நிற்கின்றன. தலைப்பாகை கட்டிய ஒருவரின் படம் வரைந்த பலகை, மேலே டியூப் லைட், பலகையில் தமிழிலும் இந்தியிலும் எழுத்து. பஞ்சாபி தாபா. இன்றைக்கு நமக்கு இங்கேதான் சாப்பாடு.

உட்கார நாற்காலி உண்டு. நான் கயிற்றுக் கட்டிலைத்தான் தேடிப் போனேன். கட்டிலின் குறுக்கே ஒரு பலகை போட்டிருப்பார்கள், அதன்மேல் தட்டு வரும். சம்மணம் போட்டு உட்காரலாம், சாப்பிட்டதும் அப்படியே முதுகைச் சாய்க்கலாம். பதினாறு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்த உடம்புக்கு இதைவிட நல்ல இருக்கையை எவர் செய்து கொடுத்துவிட முடியும்!

அடுப்படி வெளியிலேயே இருக்கிறது. தரையோடு தரையாகப் பதித்த மண்தாழி, அடியில் கரி கனிந்து கிடக்கிறது. அதுதான் தந்தூர். உத்தரப் பிரதேசத்துப் பையன் ஒருவன் கோதுமை மாவு உருண்டையை இரண்டு உள்ளங்கைக்கும் மாற்றி மாற்றித் தட்டுகிறான். துணி மெத்தை ஒன்றின்மேல் அதை விரித்து, தாழிக்குள் தோள்வரை கையை விட்டு, உள்சுவரில் பட்டென்று அறைகிறான். மாவு ஒட்டிக்கொள்கிறது, கொப்புளிக்கிறது, கரும்புள்ளி விழுகிறது. நீளக் கம்பி இரண்டைக் கொண்டு கழற்றி எடுத்தால் ரொட்டி. முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. பூண்டும் சீரகமும் நெய்யில் தாளித்துக் கொட்டிய பருப்பு, வட்டமாக அரிந்த வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, முழுசாக ஒரு பச்சை மிளகாய். "சூடா இன்னொண்ணு போடட்டுங்களாண்ணா?" என்று கொங்குத் தமிழில் கேட்கிறான் பரிமாறுகிறவன். அவன் ராசிபுரத்துப் பையன்.

இந்த மண்தாழியே ஊர்விட்டு ஊர் வந்த ஒன்றுதான். 1947 பிரிவினையில் வீடு வாசல் இழந்து டில்லிக்கு வந்து சேர்ந்த பஞ்சாபி மக்கள், தங்கள் ஊர்த் தந்தூர்ச் சமையலையும் கூடவே கொண்டுவந்து அங்கே உணவகங்கள் வைத்தார்கள். அந்த ருசி லாரிச் சாலைகளைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் இறங்கியது. நாமக்கல் என்றால் லாரி என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் சேஸிஸாக வருகிற வண்டிக்குக் கூண்டு கட்டிப் பெயிண்ட் அடித்து அனுப்புகிற பட்டறைகளும், நாடு முழுக்க லோடு அடிக்கிற வண்டிகளும் இந்த மாவட்டத்தின் பிழைப்பு. சங்ககிரியும் அப்படித்தான். நம்மூர் ஓட்டுநர் வடக்கே போகும்போது ஸ்டவ்வும் அரிசியும் புளியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார், வழியில் நிறுத்திச் சோறு பொங்குவார். அரிசி தீர்ந்த நாளில் தாபாவில் ரொட்டி. வடக்கத்தி ஓட்டுநர் இங்கே வந்தால் இட்லிக்கும் சாம்பாருக்கும் நடுவில் தன் ரொட்டியைத் தேடுவார். இரண்டு பசிக்கும் பொதுவாக இந்தச் சாலையோரத்தில் வேர் பிடித்ததுதான் தாபா என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படி ஊரைப் பிரிந்தவர்களின் ருசி ஊர்விட்டு ஊர் போவது உலகத்தில் மற்ற இடங்களிலும் நடந்திருக்கிறது. 1911இல் பாரீஸ் நகரத்தில் ஓர் அமெரிக்க பார் திறந்தார்கள். நியூயார்க்கில் இருந்த மதுக்கடை ஒன்றின் மரவேலைப்பாட்டைக் கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுவந்து பாரீஸில் பூட்டினார்கள். ஹாரிஸ் நியூயார்க் பார் என்று அது இன்றும் நடக்கிறது. ஊரைப் பிரிந்த அமெரிக்கர்கள் போய் உட்கார ஓர் இடம். 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது அந்த இடத்துக்கு மவுசு இன்னும் கூடியது.

மதுவிலக்கு என்றதும் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் கல்கி. பிறகு ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது, 1997இல்தான் பிரிந்தது. கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஓட்டல் பில்லின் அடியில் நீங்கள் பார்க்கும் வரிக்கு அதுதான் பாட்டன்.

அந்த மதுவிலக்கு நிலைக்கவில்லை, காலம் மாறியது. ஆனால் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொன்னபோது நான் உள்ளபடியே மகிழ்ந்தேன். இருபது டன் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் ஓட்டுகிறவருக்கு வேண்டியது சூடான ரொட்டி, கொஞ்சம் தூக்கம், இஞ்சி தட்டிப் போட்ட டீ. நான் உட்கார்ந்த தாபாவில் பெரிய டம்ளரில் லஸ்ஸி கொடுத்தார்கள், மேலே ஆடை மிதக்க. எனக்கு அதுவே மிகுதி.

வடக்கிலிருந்து வந்த இந்தத் தாபாச் சமையல் நம் ஊரிடமும் வாங்கிக்கொண்டிருக்கிறது. பட்டர் சிக்கனுக்கு நேர் கீழே பள்ளிபாளையம் சிக்கன் என்று பலகையில் எழுதியிருக்கிறது. காவிரிக் கரைப் பள்ளிபாளையத்துச் சமையல் அது. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், பல்லுப் பல்லாக அரிந்த தேங்காய், இவ்வளவுதான் சரக்கு. மசாலாத் தூளை நம்பாத கறி. தந்தூர் ரொட்டியில் அதைச் சுருட்டித் தின்றால் தேங்காய்ப்பல் கடிபடும்போது ஒரு தித்திப்பு வருகிறது. அப்புறம் முட்டை. சுற்றிலும் நீள நீளமாகக் கோழிப்பண்ணைகள், 2025இல் அமெரிக்காவுக்கே முட்டை அனுப்பிய ஊர் நாமக்கல். வடக்கே புர்ஜி என்பதை இங்கே பொடிமாஸ் என்று கேட்டால் கறிவேப்பிலை போட்டுத் தருகிறார்கள், புர்ஜி என்று கேட்டால் கொத்தமல்லி தூவித் தருகிறார்கள். இரண்டும் ஒரே வாணலி.

என் பக்கத்துக் கட்டிலில் நாமக்கல்காரர் ஒருவர். இருபத்திரண்டு நாள் கழித்து வீடு திரும்புகிறார். நாக்பூர், அதற்கப்பாலும் போய் வந்திருக்கிறார். வழியெல்லாம் ரொட்டிதானே, வீட்டுக்கு அரை மணி இருக்கையில் இங்கேயும் ரொட்டியா என்று கேட்டேன்.

"எனக்குச் சோறுதானுங்க. ஊட்டுல ரசம் வெச்சிருப்பாங்க, அங்க போய்த்தான் சாப்புடுவேன்" என்றார். "ரொட்டி பாப்பாவுக்குங்க. ஒவ்வொரு ட்ரிப்பும் கேட்கும். அங்கிருந்து வாங்கியாந்தா வறட்டியாப் போயிருமில்லைங்களா?"

நான்கு ரொட்டியும் ஒரு பருப்பும் பொட்டலமாக வந்தன. அதைத் துண்டில் சுற்றி இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கிளீனர் டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். வண்டி மெல்ல உறுமி நாமக்கல் பக்கம் நகர்ந்தது.