25,000 ரூபாய் ரோடு பைக்: எதை மாத்தணும், எதைத் தொடக்கூடாது

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. சேலையூர்லேர்ந்து ஒரு நண்பர் அதைத் தெளிவா கேட்டிருந்தார்: “ப்ரோ, கையில 25,000 இருக்கு. ஆரம்ப நிலை ரோடு பைக் ஒண்ணு வாங்கிட்டு, அப்புறம் மாசாமாசம் கொஞ்சம் போட்டு கிளாரிஸ், சோரான்னு ஏத்திக்கலாமா? இல்ல, ஒரு வருஷம் சேர்த்து வெச்சு பெரிய வண்டியாவே எடுத்துடலாமா?”

என் பதில்: இப்பவே வாங்குங்க, கியர் பக்கம் மட்டும் காசைக் கொண்டு போகாதீங்க. ஏன்னு சொல்றேன்.

என்கிட்ட இருக்கிறதும் அந்த விலை வண்டிதான். அலுமினியம் ஃபிரேம், ஸ்டீல் ஃபோர்க், பின்னாடி 7 கியர், 32 மிமீ டயர். கியர் மாத்துற லிவர் பிரேக்கோட சேர்ந்து இருக்காது, ஹேண்டில்பார் நடுவுல தனியா இருக்கும். மாத்த ஒரு கையை எடுக்கணும். நாலு வருஷம் ஆச்சு. வார நாள்ல முடிச்சூர் ரோடு வழியா ஜிஎஸ்டி பிடிச்சு மெப்ஸ் ஆபீஸ். ஞாயித்துக்கிழமை வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம், கோவளம். தாம்பரத்துலேர்ந்து ஒரு பக்கம் சுமார் 30 கிலோமீட்டர். 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததுலேர்ந்து நான் வண்டலூரை விடியறதுக்கு முன்னாடியே தாண்டிடுவேன். அந்த பஸ்ஸுங்களுக்கு நடுவுல சைக்கிளுக்கு இடமே கிடையாது.

இந்த ஊர்ல ரோடு பைக் வெச்சிருக்கிறதுல முதல் சிக்கல் கியர் இல்ல, டயர். நம்ம தெருமுனை சைக்கிள் கடை வேற ஒரு சைக்கிளுக்காக உருவான கடை. 1949-ல அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அவங்க வண்டிதான். தாத்தா ஓட்டினது, பால்காரர் ஓட்டினது எல்லாமே அந்த மாதிரி பெரிய வண்டி. கடையில தொங்குற டயர், டியூப், கோட்டர் பின் எல்லாம் அந்த உலகத்துக்கானது. நீங்க போய் “டயர் வேணும்ணே”ன்னு கேட்டா, சக்கரத்தைப் பாத்துட்டு “இருபத்தெட்டு இஞ்சுதானே தம்பி”ன்னு ஒண்ணை எடுத்துக் கொடுப்பார். கண்ணுக்கு ரெண்டும் ஒரே சைஸா தெரியும். ஆனா பழைய வண்டியோட 28 இஞ்ச் டயர் உட்கார்ற ரிம் விட்டம் 635 மிமீ. ரோடு பைக்கோட 700சி-ல அது 622 மிமீ. 13 மிமீ வித்தியாசம். மாட்டினா லூசா நிக்கும், காத்து ஏத்தினதும் வெளிய வந்துடும். அதனால டயர் பக்கவாட்டுல 32-622ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. முதல் எண் அகலம், 28-ஓ 35-ஓ கூட இருக்கலாம். ரெண்டாவது எண் 622-ஆ இருந்தே ஆகணும். கடைக்காரர் மேல தப்பு சொல்லவே முடியாது. ‘28 இஞ்ச்’ங்கிற பேரையே பல சைஸுக்கு வெச்சுட்டாங்க.

அடுத்தது வால்வு. பழைய வண்டியில வால்டியூப்னு சின்ன ரப்பர் குழாய் போட்ட வால்வு இருக்கும். மோட்டார் பைக்குக்கும் காருக்கும் தடியான வால்வு. பல ரோடு பைக்குல மூணாவது ஒண்ணு இருக்கு, பிரெஸ்டா: ஒல்லியா, நுனியில குட்டி நட்டோட. பெட்ரோல் பங்க்ல இதுக்குக் காத்து அடிக்க முடியாது. ஒரு பித்தளை அடாப்டர் வாங்கி சீட்டுக்கு அடியில இருக்கிற பையிலயே போட்டு வெச்சிடுங்க. டீ, வடை செலவுக்குள்ள முடிஞ்சுடும். கேளம்பாக்கம் ரோட்டுல காலை ஆறு மணிக்கு பஞ்சர் ஆனா, ஸ்பேர் டியூப், டயர் லிவர், இந்த அடாப்டர் மூணும்தான் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்.

காத்தைப் பத்தி ஒரு வார்த்தை. “ரோடு பைக்னா 100 பிஎஸ்ஐ”ன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. மெல்லிசு டயர் காலத்து நம்பிக்கை அது. நான் 78 கிலோ. 32 மிமீ டயருக்கு முன்னாடி 55, பின்னாடி 65 போடுறேன். உங்க டயர்ல எழுதியிருக்கிற எல்லைக்குள்ள இருந்துக்கோங்க. முடிச்சூர் ரோட்டுல மழைக்கு அப்புறம் ஓட்டிப் பாருங்க, கையும் இடுப்பும் வித்தியாசத்தைச் சொல்லும்.

இப்போ கியர் விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஆளுங்க நிறைய பேர் ஐடி, அதனால புரியிற மாதிரி சொல்றேன்: இது டிபெண்டன்சி பிரச்னை. ஒரு பேக்கேஜை அப்டேட் பண்ணலாம்னு போனா அது இன்னும் அஞ்சைக் கேக்கும்ல, அதேதான். பிரேக்கோட சேர்ந்த 8 கியர் லிவர் வேணும்னு ஆரம்பிக்கிறீங்க. அதுக்கு பின்னாடி 8 கியர் கேசட் வேணும். ஆனா இந்த விலை வண்டிகள்ல பெரும்பாலும் பின்னாடி இருக்கிறது ஃப்ரீவீல், அதாவது ஹப்புல மரை போட்டுத் திருகி ஏத்துறது. கேசட் அதுல ஏறாது. அதுக்கு ஃப்ரீஹப் உள்ள ஹப் வேணும், அப்போ பின் சக்கரமே புதுசு. முன்னாடி ரெண்டு பல்சக்கரம் வேணும்னா கிராங்க், அதுக்குப் பொருத்தமான பிபி, முன் டிரெய்லர், ஃபிரேம்ல கேபிள் போக வழி. கூட்டிப் பாத்தா வண்டி விலையில பாதியைத் தாண்டிடும். அதுக்கு அப்புறமும் அது அதே ஸ்டீல் ஃபோர்க் வண்டிதான். தாம்பரம்–கோவளம் ரோட்டுல மலையும் இல்ல. 7 கியரே எனக்கு மிச்சம்.

இன்னொரு கணக்கு இருக்கு, அதை யாரும் போடறதில்ல. என் வண்டி நடு ரோட்டுல நின்னா யார் சரி பண்ணுவாங்க? 7 கியர் ஃப்ரீவீல், சதுர முனை பிபி, சாதாரண கேபிள் பிரேக் இதெல்லாம் குறைஞ்ச விலை கியர் சைக்கிள்லயும் இருக்கு, பள்ளிக்கூடப் பசங்க ஓட்டுறாங்களே அதுல. அதனால மேற்கு தாம்பரத்துல என் மெக்கானிக் அண்ணன் கடையிலயே அதுக்கான கழட்டுற டூல் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை ஓவராயில் பண்ணிக் கொடுப்பார், பால்ரஸ் மாத்தி, புது கிரீஸ் வெச்சு. ரிம் பெண்டு எடுக்க அவரை மாதிரி கை நான் பாத்ததில்ல. டிரெய்லர் அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் நான் வீட்டுலயே பண்ணிக்குவேன், அவருக்கும் அதுல பெருசா ஆர்வம் கிடையாது.

சரி, எதுக்குமே செலவு பண்ண வேணாமான்னா, மூணு இடம் இருக்கு.

ஒண்ணு பிரேக் கட்டை. வண்டியோட வர்ற கட்டை பல நேரம் கெட்டி ரப்பர். காஞ்ச ரோட்டுல சமாளிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில ரிம் நனைஞ்சா, பிரேக் பிடிச்சதும் முதல் சில அடிக்கு எதுவுமே நடக்காது. ஜிஎஸ்டி ரோட்டுல முன்னாடி போற ஷேர் ஆட்டோ ஆள் ஏத்த சட்டுனு நிக்கும்போது அந்தச் சில அடிதான் எல்லாமே. நல்ல மிருதுவான கட்டை ஒரு ஜோடி சில நூறு ரூபாய்ல கிடைக்கும். வண்டி வாங்கின அன்னைக்கே மாத்தச் சொல்லுவேன். மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை கட்டையைப் பாருங்க, மணலும் அலுமினியத் துகளும் குத்தி நிக்கும். ஊக்கால எடுத்துடுங்க. விட்டா ரிம்மையே அறுக்கும்.

ரெண்டாவது செயின். இதுக்கு விலையுயர்ந்த கேஜ் எல்லாம் வேணாம், ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். ஷெல்டன் பிரௌன்னு அமெரிக்காவுல ஒரு மெக்கானிக் இருந்தார், 2008-ல இறந்துட்டார். சைக்கிள் ரிப்பேர் பத்தி அவர் இணையத்துல எழுதி வெச்சதைத்தான் இன்னிக்கும் உலகம் பூரா படிக்கிறாங்க. அவர் சொல்ற முறை இது: செயின்ல ஒரு பின்னோட மையத்துல ஸ்கேலோட பூஜ்யத்தை வைங்க. 24 பின் தள்ளி சரியா 12 இஞ்ச்ல இன்னொரு பின் வரணும். அது 1/16 இஞ்ச் தள்ளிப் போயிருந்தா செயினை மாத்துங்க. 1/8 தள்ளியிருந்தா செயினோட பின் பல்சக்கரமும் போச்சு. அதாவது சில நூறு ரூபாய் செயினை நேரத்துக்கு மாத்தினா ஃப்ரீவீல் தப்பிக்கும். கோவளம் போயிட்டு வந்தா உப்புக் காத்து ஒரே ராத்திரியில செயின்ல செம்பழுப்பு போட்டுடும், அதனால வந்ததும் துணியால துடைச்சுட்டு ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில். அம்மா கிச்சன்லேர்ந்து தேங்காய் எண்ணெய் எடுக்காதீங்க, மண்ணை எல்லாம் கூட்டி வந்து ஒட்ட வெச்சுக்கும்.

மூணாவது, பின் சக்கரம். இதுதான் இந்த வண்டிகளோட நிஜமான பலவீனம். ஃப்ரீவீல் ஹப்புல, செயின் பக்கத்து பேரிங் ஃபிரேம்லேர்ந்து ரொம்ப உள்ள தள்ளி இருக்கும். நடுவுல ஆக்சில் தாங்க ஆள் இல்லாம நீண்டுக்கிட்டு நிக்கும். எடையும் பள்ளமும் சேர்ந்தா அது வளையும். எனக்கு மூணாவது வருஷம், தண்ணி தேங்கி நின்ன ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினப்போ வளைஞ்சது. பெடலை நிறுத்தி சக்கரத்தைச் சுத்தினா ஃப்ரீவீல் தள்ளாடும், அதான் அறிகுறி. அண்ணன் முதல் தடவை ஆக்சிலும் கோனும் மாத்திக் கொடுத்தார், சின்னச் செலவு. எட்டு மாசத்துல திரும்பவும் வளைஞ்சது.

“தம்பி, உன் வெயிட்டுக்கு இது நிக்காது, வேற ஹப் பாரு”ன்னார்.

அப்போதான் ஃப்ரீஹப் உள்ள சக்கரம் போட்டேன். அதுல பேரிங் ஓரத்துக்கு வந்துடும், ஆக்சிலுக்கு வேலை குறையும். 8, 9, 10 கியருக்கான ஷிமானோ ஃப்ரீஹப்புல 4.5 மிமீ ஸ்பேசர் ஒண்ணு போட்டா 7 கியர் கேசட் உட்காரும். என் பழைய லிவர், பழைய டிரெய்லர் எதையும் தொடல. வாங்கறதுக்கு முன்னாடி ஃபிரேமோட பின் கவட்டை அகலத்தை அளந்துக்கோங்க, 130-ஆ 135-ஆன்னு வண்டிக்கு வண்டி மாறும். அறுபது கிலோ ஆளா இருந்து நல்ல ரோட்டுல ஓட்டுறீங்கன்னா இந்தச் செலவே வராம போகலாம்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். சீட் உங்க உடம்புக்குச் சரியில்லன்னா மாத்துங்க. முன்னாடி வெள்ளை லைட்டு, பின்னாடி சிவப்பு லைட்டு கட்டாயம், பகல்லயும் எரியட்டும்.

இன்னொருத்தர் கேட்டது: இந்த வண்டியில 200 கிலோமீட்டர் பிரெவே போகலாமான்னு. நேரம் பதிமூணரை மணி. நிக்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்குப் பதினஞ்சுக்குக் கொஞ்சம் கீழ சராசரி வந்தா போதும். மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்துற ஓட்டங்கள்ல வண்டி விலையை யாரும் கேக்க மாட்டாங்க. நல்ல பிரேக் கட்டை, ரெண்டு ஸ்பேர் டியூப், பழகின சீட்டு இருந்தா தாராளமா போகலாம்.

சேலையூர் நண்பரே, வண்டி எடுத்ததும் போட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோடுல டிரெய்லர் அட்ஜஸ்ட்மென்ட், ஸ்க்ரூ ஸ்க்ரூவா.