வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சுற்றுச்சூழல் கல்வி என்கிற பாடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பி.ஏ. தமிழ் படிக்கிறவரும் பி.காம். படிக்கிறவரும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம். 'ஈ.வி.எஸ்.தானே, பரீட்சைக்கு மொத நாள் பாத்துக்கலாம்'னு நீங்க சிரிக்கிறது தெரியுது. ஆனா அது சும்மா வந்த பாடம் இல்லை. 1991 நவம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கச் சொன்னது. பல்கலைக்கழகங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்ட பிறகுதான் மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிக்கும் வந்தது. எட்டு அலகு, 50 மணி நேரம். அதில் 5 மணி நேரம் களப்பணி, அதற்கு 100க்கு 25 மதிப்பெண்.

அந்தப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். காடு இருக்கிறது, நீர் இருக்கிறது, திடக்கழிவு மேலாண்மை இருக்கிறது, மாசைத் தடுப்பதில் தனிமனிதரின் பங்கு இருக்கிறது. சாதி என்று ஒரு தலைப்பு இல்லை. கழிவு இருக்கு, அதை அள்ளுற கை இல்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் குடித்தாரே, அது நீர்வளம் பற்றிய போராட்டம் இல்லையா? 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போனது நிலவளம் பற்றிய கேள்வி இல்லையா? இதையெல்லாம் வரலாற்றுப் பாடத்தில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, சுற்றுச்சூழல் என்றால் மரம் நடுவது, பிளாஸ்டிக் பையை ஒழிப்பது என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதே மாதிரி அறிமுகப் பாடத்தை ஒரு பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கான பேருக்குப் பேராசிரியர் நடத்துவார். அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை, இருபது பேர் அளவில் சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நடத்துவார். அங்கே இன்றைக்கு 'சுற்றுச்சூழல் நீதி' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அது பேராசிரியர் மூளையில் மட்டும் உதித்தது இல்லை. 1982இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மக்கள் லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். 1987இல் ஒரு தேவாலய அமைப்பின் ஆணையம் நாடு முழுக்கக் கணக்கெடுத்து, நச்சுக்கழிவு எங்கே போகிறது என்பதை நிறம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. தெருவில் இருந்து வகுப்பறைக்கு வந்த பாடம் அது.

நம்ம பாடத்திட்டத்தில் விவாதத்துக்குத் தனி நேரம் கிடையாது. நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் வெள்ளிக்கிழமை கடைசி மணியை அதற்கு ஒதுக்கினேன். முதலாண்டு மாணவர்கள், ஐம்பது பேர். தலைப்பு, திடக்கழிவு. வழக்கமாகப் பேசுகிற நாலு பேர் பேசினார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை சார், அப்படின்னு.

பின் வரிசையில் ஒரு மாணவர். அவருடைய அம்மா நகராட்சியில் துப்புரவுப் பணி என்பது எனக்குத் தெரியும். 'தம்பி, நீ சொல்லு. உனக்குத்தான் இது நல்லாத் தெரியும்'னு கேட்டுட்டேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து, 'தெரியாது சார்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் வரவில்லை. தேடிப்போய்ப் பார்த்தேன். 'மூணு வருசம் அவனுங்களோட உக்காரணும் சார். ஒரே நிமிசத்துல எங்க தெரு எதுன்னு காட்டிக் குடுத்திட்டீங்களே' என்றார்.

நானும் சேரியில் பிறந்தவன்தான் தோழர்களே. அதனாலேயே அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். பாதிக்கப்பட்டவனைப் பேச வைப்பதுதான் விடுதலைக் கல்வி என்று நம்பியிருந்தேன். அன்றைக்கு நடந்தது என்ன? மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் பாடப்பொருளாக அவரை நிறுத்தி வைத்தேன். அவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கேள்வியைத் திருப்பினேன். எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். பெயர் எழுத வேண்டாம். ஒரு வாரம் விசாரித்து எழுதி வரணும். உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போய் முடிகிறது? கடைசியாக செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்தது இயந்திரமா, ஆளா? ஆள் என்றால் எந்தத் தெருவிலிருந்து வந்தார், என்ன கூலி, குடிக்கத் தண்ணி எதில் கொடுத்தீங்க? ஊர்க் குப்பை கொட்டுற இடத்துக்குப் பக்கத்தில் யார் வீடு? கண்மாய் மீன்பாசிக் குத்தகை யார் கையில்? மடைத் தண்ணி கடைசியாகப் போய்ச் சேர்கிற நிலம் யாருடையது?

அந்த வெள்ளிக்கிழமை வழக்கமான நாலு பேரும் சத்தமே இல்லை. ஒரு மாணவி மட்டும் எழுந்து, 'எங்க வீட்டுத் தொட்டியில ஆள்தான் சார் இறங்கினாரு. அவரு பேரு எங்கப்பாவுக்கே தெரியல' என்றார். அதிலிருந்துதான் விவாதம் பிறந்தது. மனிதரைக் கொண்டு மலம் அள்ள வைப்பதைத் தடை செய்த 1993 சட்டம், 2013 சட்டம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்ற 2014 தீர்ப்பு, அதை 30 லட்சமாக்கிய 2023 தீர்ப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் பேசினோம். முதலிலேயே பேசியிருந்தால் குறிப்பு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை 'நீர் மாசு' என்ற அலகில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஒரு மணி நேரம் போதவில்லை.

அந்த மாணவர் திரும்ப வந்தார். விவாதத்தில் பேசவில்லை. அவர் பேசித்தான் ஆகணும்னு இல்லை. அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. விவாத நேரம் வேண்டும் என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். உங்கள் அடையாளத்தைச் சொல்லி வகுப்புக்குப் பாடம் எடுக்கும் வேலையை யாரும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். பேசுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. களப்பணி என்று பறவை பார்க்கக் கூட்டிப் போனால் போங்கள், பறவையும் பார்க்க வேண்டியதுதான். திரும்பி வரும்போது குப்பைமேடு வழியாகப் போகச் சொல்லுங்கள். இயக்கத் தோழர்கள் தங்கள் ஊர் விவரங்களோடு மாணவர்களுக்கு உதவ வேண்டும்.

கேள்வித்தாள் படி எடுத்து வந்திருக்கிறேன். வேணுங்கிறவங்க வாங்கிக்கங்க. உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.